லூப்பர் பஞ்சாயத்து

ஓவர்லாக் மிஷினின் முகப்பில் நூலை இறுக்கவும் தளர்த்தவும் நான்கு டென்ஷன் திருகுகள்: ஊசிகளுக்கு இரண்டு, ஓரத்தில் நூல் கோக்கும் லூப்பர்களுக்கு இரண்டு. என்னுடையதில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 9 வரை எண்கள். பெருக்கிப் பார்த்தால் 10,000 விதமாகத் திருப்பி வைக்கலாம். அதில் தையல் ஒழுங்காக விழுவது சில இடங்களில்தான். மிச்ச இடங்களில் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளும் ஆர்வம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் உண்டு.

போதாக்குறைக்கு நாங்கள் குடியிருப்பது திருப்பூரில். வேறு ஊரில் மிஷின் மக்கர் செய்தால் மெக்கானிக்கைக் கூப்பிடுவார்கள். இங்கே கூப்பிடாமலே தெரு வந்துவிடும். பால்காரர் முன்னாள் பேட்லாக் டெய்லர். சிலிண்டர் கொண்டுவருகிறவர் செக்கிங்கில் இருந்தவர். கூரியர் தம்பி பனியன் கம்பெனிக்குக் கைமடியாக, அதாவது டெய்லருக்கு உதவியாளாகப் போய் இரண்டே நாளில் ஓடி வந்தவர்; யோசனை சொல்வதில் மட்டும் அவர்தான் சீனியர்.

ஆயுத பூஜைப் பொரி நமுத்துப்போவதற்குள் மாமியாரின் புது நைட்டிக்கு ஓரம் அடிக்க உட்கார்ந்தேன். மேல்பக்கம் பரவாயில்லை ரகம். திருப்பினால், மேல் லூப்பரின் நூல் அடிப்பக்கத்துக்கு வந்து வளையம் வளையமாகத் தொங்கியது. விரலை விட்டால் மாட்டிக்கொள்கிற அளவுக்கு வளையங்கள்.

தீர்ப்புகள் உடனே வந்தன. கணவர் நான்கு திருகுகளையும் வலப்பக்கம் ஒரே அளவு திருப்பினார். ஒன்றை மட்டும் திருப்பினால் மற்றதற்கு மனவருத்தம் என்று நினைத்தாரோ என்னவோ. ஊசி நூல்கள் விறைத்துப்போய் நைட்டியின் ஓரம் சுருங்கிக்கொண்டது. மாமனாரின் வைத்தியம் எண்ணெய். காதுவலி தவிர எதற்கும் எண்ணெய் விடுவார். "கீழ் லூப்பர லூசு பண்ணுங்க்கா" என்றார் பால்காரர். "மேல் லூப்பர டைட் வைங்க" என்றது கூரியர் தரப்பு. இரண்டும் சாஸ்திரப்படி சரியான யோசனைகளே. இரண்டையும் செய்தோம். மேல் லூப்பரின் எண் 9-ஐத் தொட்டது. நூல் மட்டும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இந்த ஆராய்ச்சியில் காலியாவது நூல்கண்டு. சாதாரணத் தையலில் ஒரு சென்டிமீட்டர் தைக்க ஏறத்தாழ 2.5 சென்டிமீட்டர் நூல் போகும். ஓவர்லாக்கில் மூன்று நூல் வைத்தாலே 14 சென்டிமீட்டர் போய்விடும். நான்கு நூலில் தெருவின் எல்லா யோசனைகளையும் சோதித்துப் பார்க்க ஒரு நூற்பாலையே வேண்டும்.

இந்தத் தையலின் பூர்வீகமும் ஒரு பின்னல் ஆலைதான். அமெரிக்காவில், கனெக்டிகட்டில், மெர்ரோ குடும்பத்து ஆலையில் 1881-இல் பிறந்த தையல் என்பார்கள். இதில் பாபின் கிடையாது. ஊசிகள் துணியைக் குத்தி இறங்கும்; இரண்டு லூப்பர்கள் மேலும் கீழுமாக வீசி, தங்கள் நூலைத் துணியின் ஓரத்தில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். பக்கத்திலேயே ஒரு கத்தி பிசிறை வெட்டித் தள்ளும். ஓரத்தில் இரண்டு நூலும் சந்திக்கும் இடம் துணியின் விளிம்பிலேயே இருந்தால் தையல் நேர். எந்தப் பக்கமாவது சாய்ந்தால் வில்லங்கம்.

கடைசியில் பின்வீட்டு அக்கா வந்தார். முப்பது வருஷம் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் ஓட்டியவர். நிமிடத்துக்கு 6,000 தையல் போடுகிற பவர் மிஷினில் உட்கார்ந்தவருக்கு, 1,300-க்கே மூச்சு வாங்கும் என் வீட்டு மிஷினைப் பார்த்ததும் பாவமாக இருந்திருக்க வேண்டும்.

"இதையெல்லாம் ஆரு கண்ணு திருப்பினது?" என்றார். கணவருக்குத் திடீரென்று செடிக்குத் தண்ணீர் விட வேண்டியிருந்தது.

அக்கா திருகைத் தொடவில்லை. "நெம்பருக்குக் கடேசியாத்தான் வரோணும்" என்று சொல்லிவிட்டு, முதலில் மிஷினுக்குப் பின்னால் நிற்கும் நூல் கம்பியை முழுசாக மேலே இழுத்துவிட்டார். அது பாதியில் நின்றால் நூல் சிக்கிச் சிக்கி வரும். பழியைத் திருகுகள் சுமக்கும். அடுத்தது ஊசி. கழற்றி நகத்தில் உரசிப் பார்த்தார். முனை மழுங்கினால் தையல் விட்டு விட்டு விழும். பனியன் துணிக்கு உருண்டை முனை ஊசிதான் போட வேண்டும். திரும்ப மாட்டியபோது இடது ஊசி வலதைவிடச் சற்று மேலே நின்றது. இது கோணல் என்று நினைத்து என் மாமனார் அதை இறக்கிவிடக் கை நீட்டினார். "அது அப்படித்தானுங் நிக்கும்" என்று அக்கா கையைத் தட்டிவிடாத குறையாகச் சொன்னார்.

பிறகு நூல்களை உருவிப் போட்டுவிட்டு நான்கு நிறத்தில் புதிதாகக் கோத்தார். மேல் லூப்பர் நீலம், கீழ் லூப்பர் சிவப்பு, அப்புறம்தான் ஊசிகள்: பச்சையும் மஞ்சளும். இந்த வரிசை மாறக் கூடாது. கீழ் லூப்பர் நூல் அறுந்தால் அதை மட்டும் கோத்துவிட்டுத் தைக்கப் பார்ப்பார்கள். கையோடு மறுபடியும் அறுந்துபோகும். ஊசி நூல்களை உருவிவிட்டு, லூப்பரைக் கோத்து, ஊசியை மறுபடியும் கோக்க வேண்டும். துணியை அமுக்கும் ஃபுட்டைத் தூக்கி வைத்துக் கோப்பது இன்னொரு விதி. அப்போதுதான் டென்ஷன் தட்டுகள் வாய் திறந்து நூலை உள்ளே விடும்.

வெள்ளைத் துணியில் ஒரு முழம் அடித்துத் திருப்பினார். நீலம் அடியில் தொங்கியது. "பாத்தீங்களா, நீலந்தான்!" என்றார் மாமனார்.

அக்கா சிரித்தார். ஊர்ப் பஞ்சாயத்தில் அழுதுகொண்டு முன்னால் நிற்பவனைப் பிடித்துக் கட்டி வைக்கிற மாதிரிதான் ஓவர்லாக்கில் நாம் செய்வது என்பது அவர் கட்சி. அடியில் வந்து நிற்கும் நூல் தானாக வருவதில்லை. ஒன்று, சிவப்பு வலுவாக இழுத்திருக்க வேண்டும். அல்லது நீலத்தைப் பிடித்து வைக்க வேண்டியவர் பிடியை விட்டிருக்க வேண்டும். ஃபுட்டை இறக்கிவிட்டு ஒவ்வொரு நூலையும் கையால் மெல்ல இழுக்கச் சொன்னார். மஞ்சள், பச்சை, சிவப்பு மூன்றும் முறைத்துக்கொண்டு வந்தன. நீலம், திருகு 9-இல் இருந்தும், பாசத்தோடு வழுக்கி வந்தது.

"சிவப்பு மேல தப்பில்ல, நீலத்து மேலயும் இல்ல. தட்டுக்குள்ளாற ஏதோ கெடக்குது."

ஒரு பனியன் துணிக் கீற்றைக் கத்தரித்து, இரண்டு தட்டுகளுக்கும் நடுவில் விட்டு இழுத்தார். மஞ்சளாக ஒரு பொருக்கு உதிர்ந்தது. இன்னொரு இழுப்பு; இன்னும் கொஞ்சம். மூன்றாவது முறை ஒரு துணுக்குச் சிவப்பும் வந்தது. அக்கா மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். எல்லோரும் முகர்ந்தோம். சந்தேகமே இல்லை: சந்தனமும் குங்குமமும்.

ஆயுத பூஜையன்று மிஷினுக்குப் பொட்டு வைத்தவர் என் மாமியார். எங்கே வைப்பது என்று பார்த்திருக்கிறார். முகப்பில் திருகுகள் இருந்திருக்கின்றன. மேல் லூப்பர் திருகுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டார். வழிந்து உள்ளே போன சந்தனம் காய்ந்து, தட்டுகள் நெருங்க முடியாமல் நடுவில் நின்றுகொண்டது. அப்புறம் எண்ணை 9-க்குத் திருப்பினால் என்ன, 90-க்குத் திருப்பினால் என்ன?

திருகுகள் எல்லாவற்றையும் அக்கா 4-இல் நிறுத்தினார். நீலமும் சிவப்பும் விளிம்பில் வந்து கைகோத்தன. அதற்குமேல் சரிசெய்ய வேண்டுமானால் ஒரு நேரத்தில் ஒரே திருகு, அதுவும் அரை எண் மட்டும், ஒவ்வொரு முறையும் துண்டுத் துணியில் அடித்துப் பார்த்து. பனியன் துணியில் ஓரம் அலை அலையாக நெளிந்தால் டென்ஷனைத் தொடவே வேண்டாம். துணியை நகர்த்தும் டிஃபரன்ஷியலை 1-க்கு மேலே ஏற்ற வேண்டும். ஷிபான் சுருங்கினால் 1-க்குக் கீழே. வளையங்கள் விளிம்பைத் தாண்டித் தொங்கினாலும் துணி உள்ளே மடங்கினாலும் வெட்டு அகலத்தையும் ஒரு கண் பார்க்க வேண்டும். கணவர் இதையெல்லாம் ஜன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்தார். செடி மூழ்கிக்கொண்டிருந்தது.

மாமியாரிடம் விஷயத்தை யார் சொல்வது என்பதுதான் பாக்கி. பால்காரருக்கு வேறு தெருவில் வேலை இருந்தது. கூரியர் தம்பியைக் காணோம். கடைசியில் அக்காவே, உதிர்ந்த பொருக்கை உள்ளங்கையில் வைத்துக் காட்டி, "சந்தனம் உள்ள போயிருச்சுங்கம்மா, அதாந் தையல் தொங்குச்சு" என்றார்.

மாமியார் கையை நீட்டி அதை வாங்கினார். பயபக்தியோடு கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சந்தனம் வெச்சதுனாலதான் வெறும் தையலோட போச்சு. இல்லீன்னா மோட்டாரே பொகஞ்சிருக்கும்" என்றார்.