தம்போய்க் கல்யாணப் படங்களின் வைப்புமுறை இலக்கணம்

தம்போய் என்றதும் மலேசியர்கள் பலர் ஒரு மாதிரியாகச் சிரிப்பது வழக்கம். 1937 முதல் அங்கே இருக்கும் பெர்மாய் மனநல மருத்துவமனைதான் காரணம். அந்தச் சிரிப்புக்கும் இந்த ஆய்வுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை முதலிலேயே பதிவு செய்துவிடுவது நல்லது. ஜோகூர் பாருவை ஒட்டிய இந்தப் புறநகரில், கடைவீட்டு மாடிகளில் ஸ்டூடியோ வைத்துக்கொண்டு, வார இறுதிதோறும் கல்யாணம், சடங்கு, காதுகுத்து என்று ஓடும் தமிழ்ப் படக்காரர்கள், எடுத்த படங்களைக் கணினியில் எங்கே வைக்கிறார்கள் என்பதே இங்கு எடுத்துக்கொண்ட பொருள். எங்கே வைத்தோம் என்று அவர்களுக்கே தெரியாத நேரங்கள் உண்டு. ஆய்வுக்கு உகந்த நேரங்கள் அவையே.

முதலில் பெயரியல். ஆல்பம் வடிவமைப்பு முடிந்ததும் கோப்புக்கு ‘ஃபைனல்’ என்று பெயர் வைக்கப்படுகிறது. மாப்பிள்ளையின் அக்கா பார்த்துவிட்டு, தன் படம் போதவில்லை என்கிறார். ‘ஃபைனல் ஃபைனல்’ பிறக்கிறது. பெண்ணின் சித்தப்பா குறுக்கிட்டதும் மூன்றாவது ஃபைனல். இலக்கணத்தில் இதற்கு அடுக்குத்தொடர் என்று பெயர். விரைவு, வெகுளி, அச்சம், அவலம் முதலிய உணர்ச்சிகளில் வரும். படக்காரரிடம் இந்த நான்கும் ஒரே சமயத்தில் காணப்படுகின்றன. ஒரு சொல் நான்கு முறைக்கு மேல் அடுக்கலாகாது என்று நன்னூலார் எல்லை வகுத்திருக்கிறார். பல ஸ்டூடியோக்களின் ஹார்ட்டிஸ்க்கில் அந்த எல்லை எப்போதோ தாண்டப்பட்டுவிட்டது.

கேமரா தானே இடும் பெயர்களாவது உதவுமா என்றால், அதுவும் இல்லை. 1998இல் ஜப்பானில் வகுத்த கேமராக் கோப்பு விதிப்படி ஒரு படத்தின் பெயருக்கு எட்டே இடம்: முன்னால் நான்கு எழுத்து, பின்னால் நான்கு இலக்கம். 9999 வந்ததும் எண் மீண்டும் 0001க்குத் திரும்பிவிடும். கல்யாணத்துக்கு மூவாயிரம் படம் தட்டுகிறவருக்கு நான்காவது கல்யாணத்திலேயே எண் தீர்ந்துவிடுகிறது. எண் திரும்புவதற்கு முன் எடுத்ததையும் பின் எடுத்ததையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால், மாலை மாற்றும் 0457ஆம் படமும் காதுகுத்தில் வீறிட்டு அழும் 0457ஆம் படமும் முட்டிக்கொள்ளும். ‘இதே பெயரில் ஒன்று இருக்கிறதே, மாற்றி வைக்கவா?’ என்று கணினி கேட்கும். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கேள்விக்குச் சரியென்று சொன்னவர்கள் உண்டு.

தேதியால் பெயரிடுவோர் மற்றொரு பிரிவினர். நாள், மாதம், ஆண்டு என்று நாம் பேசும் வரிசையில் எழுதினால், கணினி எல்லா ஒன்றாம் தேதிகளையும் ஓரிடத்தில் கூட்டிவைக்கும். மாதத்தை ஆங்கிலத்தில் எழுதினாலோ அகர வரிசையில் ஏப்ரல் முதலில் வரும். தமிழ்ப் புத்தாண்டோடு அது ஒத்துப்போகிறது என்று மகிழலாம். ஆனால் அடுத்து ஆகஸ்ட், அதற்கடுத்து டிசம்பர். ஆண்டை முன்னால் வைத்து, மாதமும் நாளும் இரண்டிரண்டு இலக்கமாக எழுதினால் இந்தத் தொல்லை முழுவதும் தீரும். இதில் மாற்றுக் கருத்துக்கே இடமில்லை.

இனி, படங்களை அடுக்கித் திருத்தும் மென்பொருளான லைட்ரூம். 2007 பிப்ரவரியில் முதல் பதிப்பு வந்ததிலிருந்து அதைப் பற்றி நிலவும் ஒரு நம்பிக்கை, படங்கள் அதற்குள் இருக்கின்றன என்பது. அங்கே ஒரு படமும் இல்லை. இருப்பது கேட்டலாக் என்னும் ஒரு தரவுதளக் கோப்பு. எந்தப் படம் எந்த வட்டில் எந்த ஃபோல்டரில் கிடக்கிறது, அதற்கு என்னென்ன ஒளி, நிறத் திருத்தம் சொல்லியிருக்கிறோம், எத்தனை நட்சத்திரம் என்ற பதிவுகள் மட்டுமே அதில் உண்டு. நூலகத்தில் நூற்பட்டியல் அட்டைக்கும் அலமாரிக்கும் உள்ள உறவுதான் இது. உதவிக்கு வந்த தம்பி, இடம் அடைக்கிறதென்று ஒரு ஃபோல்டரை லைட்ரூமுக்குத் தெரியாமல் விண்டோஸ் வழியாக வேறு வட்டுக்கு நகர்த்தினால், படத்துக்கு ஒன்றும் ஆகாது, அட்டைதான் பொய்யாகிவிடும். அன்று மாலை ஒவ்வொரு சிறுபடத்தின் மூலையிலும் ஓர் ஆச்சரியக்குறி முளைத்திருக்கும். வெளி ஹார்ட்டிஸ்க்கைக் கழற்றி மாட்டியபோது விண்டோஸ் அதற்கு வேறு எழுத்து கொடுத்துவிட்டாலும் இதே கதிதான். படம் அழிந்துவிட்டதென்று அழ வேண்டியதில்லை. குறியைச் சொடுக்கி, இடத்தைக் காட்டிவிட்டால் போதும்.

அடுத்த நம்பிக்கை இன்னும் ஆபத்தானது. மூடும்போது ‘காப்பு எடுக்கவா?’ என்று லைட்ரூம் கேட்கும். எடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போகிறார்கள். காப்பு எடுக்கப்பட்டது கேட்டலாக் மட்டும்! ஹார்ட்டிஸ்க் செத்தால் மிஞ்சுவது, இல்லாத படங்களைப் பற்றிய மிகத் துல்லியமான குறிப்புகள்.

ஒரு படத்தை எந்த ஃபோல்டரில் வைப்பது என்ற கேள்வியே தவறு என்பது இவ்வாய்வின் கோட்பாடு. பெண்ணின் தாய்மாமன், கண்ணாடிக் கோயில் எனப்படும் ஜோகூர் பாரு இராஜகாளியம்மன் ஆலய வாசலில் வாழைத்தாரோடு நிற்கும் படம் ‘மாமா’ ஃபோல்டருக்கா, ‘கோயில்’ ஃபோல்டருக்கா, ‘சீர்’ ஃபோல்டருக்கா? சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான எஸ். ஆர். ரங்கநாதன் புத்தகங்களை வைத்துக்கொண்டு இதே கேள்வியோடு மல்லுக்கட்டினார். 1933இல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை, ஒரு நூலை ஒரே பெட்டிக்குள் அடைக்காமல் பல முகங்களாகப் பிரித்துப் பார்த்தது. பின்னாளில் அந்த முகங்களை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்தாக வகுத்தார்.

தமிழ் இலக்கணம் படித்தவர்களுக்கு இதில் ஆறாவது ஒன்றும் நினைவுக்கு வர வேண்டும். செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செயப்படுபொருள் ஆகிய ஆறையும் வினை உணர்த்தும் என்கிறது நன்னூல். ‘குயவன் குடத்தை வனைந்தான்’ என்று வகுப்பில் பிரித்துப் பழகியதைத்தான் கல்யாணப் படத்துக்கும் செய்ய வேண்டியிருக்கிறது. இவற்றில் கருவியையும் காலத்தையும் கேமராவே எழுதிவிடுகிறது: எந்த லென்ஸ், எந்த நொடி என்பது படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். மீதி நான்கைத்தான் படக்காரர் கீவர்டாகத் தட்ட வேண்டும்: மாமா, கண்ணாடிக் கோயில், சீர் கொண்டுவருதல், வாழைத்தார். ஃபோல்டருக்குத் தேதி ஒன்றே போதும். அதற்குமேல் ஃபோல்டரிடம் எதிர்பார்ப்பது அலமாரியிடம் புத்தகத்தைப் படித்துச் சொல்லச் சொல்வது மாதிரி.

முகம் கண்டறியும் வசதி 2015 முதல் லைட்ரூமில் இருக்கிறதே என்று சிலர் வாதாடலாம். அவர்கள் மேற்படி கண்ணாடிக் கோயிலில் ஒரு கல்யாணம் எடுத்துப் பார்க்கட்டும். சுவர், தூண், கூரை எல்லாம் கண்ணாடிச் சில்லு. சிலைக்கும் முகம் உண்டு, சில்லுகளிலும் முகம் தெரியும். ‘இவர் யார்?’ என்று மென்பொருள் கேட்டு நிற்பது பல சமயம் படக்காரரின் சொந்த முகமாகவே இருக்கும்.

காலத்தைக் கேமரா எழுதிவிடும் என்றோம், அதற்கொரு விதிவிலக்கு. இரண்டு பேர் எடுக்கும் கல்யாணத்தில் ஒருவர் கேமரா ஜப்பான் நேரத்திலேயே இருந்தால், அது மலேசிய நேரத்துக்கு ஒரு மணி முன்னால் ஓடும். தீபகற்ப மலேசியா 1982 பிறந்தபோது தன் கடிகாரத்தை அரைமணி முன்னுக்குத் தள்ளியிருக்காவிட்டால் வித்தியாசம் ஒன்றரை மணி ஆகியிருக்கும். நேர வரிசையில் அடுக்கினால், பந்தி முடிந்து கை கழுவிய பிறகு தாலி கட்டுகிறார்கள். மருந்து எளிது: அந்தக் கேமராவின் படங்களை மட்டும் பிரித்தெடுத்து, எடுத்த நேரத்தை மொத்தமாக ஒரு மணி பின்னுக்கு நகர்த்துவது.

லைட்ரூமில் படங்களுக்கு இடும் நிறக்குறிகளை இவ்வாய்வு ஒதுக்குகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலத்துக்கு விசைப்பலகையில் எண் உண்டு, ஊதாவுக்கு இல்லை. ஏன் என்று கேட்டுப் பயனில்லை.

இவ்வளவு பாடு எதற்கு என்பதற்கு விடை ஒரு தொலைபேசி அழைப்பில் இருக்கிறது. எல்லாப் படக்காரர்களுக்கும் வருவது, பெரும்பாலும் இரவில். “தம்பி, பாட்டி தவறிட்டாங்க. அக்கா கல்யாணத்துல நீங்க எடுத்ததுல அவங்க தனியா இருக்கற மாதிரி ஒரு படம் கிடைக்குமா? காலையில பேப்பருக்குக் கொடுக்கணும்.” எந்த ஆண்டுக் கல்யாணம் என்று கேட்கிற நேரமா அது? பெயர் கீவர்டாக இருந்தால் ஒரு நிமிட வேலை. இல்லாவிட்டால் விடிய விடிய மூவாயிரம் படம். அப்போதும் கிடைப்பது, யாரோ ஒருவரின் தோள் பாதியை மறைத்த முகம்.

ஆகவே படக்காரர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த கல்யாணத்தில் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் தனியாக ஒரு படம் எடுத்து, பெயர் கேட்டுக் குறித்துக்கொண்டு, அன்றிரவே கீவர்டாக ஏற்றிவிடுங்கள். முழுப்பெயராக இருக்கட்டும். ‘பாட்டி’ என்று மட்டும் போட்டுவைத்தால், தேடும்போது ஊரிலுள்ள பாட்டிகள் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள்.