நாய்க்கு ஓட்டு உண்டா?

கேள்வி: அமெரிக்காவில் போதைப்பொருள் வைத்திருந்தால் அபராதத்தோடு விட்டுவிடுவார்களாமே? நாய் வளர்க்க மட்டும் லைசென்ஸ் வேண்டுமாமே?

பதில்: மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஓரிகனில் 2020-இல் மக்களே ஓட்டுப் போட்டுச் சட்டத்தைத் தளர்த்தினார்கள். 2021 பிப்ரவரி முதல், ஒரு கிராமுக்குக் குறைவான ஹெராயினுடன் சிக்கினால் 100 டாலர் அபராதம். உதவி எண்ணுக்குப் போன் போட்டு ஆலோசனை கேட்டால் அதுவும் தள்ளுபடி. நாய்க்கு அந்தத் தாராளம் கிடையாது! ஆறு மாதம் ஆகிவிட்டால் கவுன்ட்டி லைசென்ஸ் கட்டாயம். போர்ட்லாந்து நகரம் இருக்கும் மல்ட்னோமா கவுன்ட்டியில் பூனையும் தப்பாது. தெருவில் போதை பெருகிவிட்டதென்று எதிர்ப்புக் கிளம்பவே, 2024 செப்டம்பரில் ஹெராயின் மறுபடி குற்றமானது. 180 நாள் வரை சிறைக்கும் வழி உண்டு. நாய் விஷயத்தில் மட்டும் யாரும் தளர்த்தவே நினைக்கவில்லை. ஓட்டு இல்லாத ஜீவன்தானே!