வாறண்டிக்கு விசா இல்லை

போன மாதம் திருகோணமலை உட்துறைமுக வீதியில் இந்திய நம்பர் தகட்டோடு ஒரு பைக் நின்றது. முன் ஃபோர்க் சீல் போய், எண்ணெய் கசிந்து பிரேக் டிஸ்க்கில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓட்டி வந்த மதுரைத் தம்பி வாறண்டிப் புத்தகத்தைக் காணி உறுதி மாதிரிப் பிளாஸ்டிக் உறையில் பொத்தி வைத்திருந்தார்.

2023இல் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஆட்களை ஏற்றும், பைக்கை ஏற்றாது. ஆகவே பைக் கார்னே என்ற சுங்கப் புத்தகத்தோடு கொள்கலனில் கொழும்பு சுற்றி வந்தது. பைக்குக்கே கடவுச்சீட்டு! வாறண்டிக்குத்தான் விசா கிடைக்கவில்லை. "விற்ற நாட்டுக்குள் மட்டும்" என்று கடைசிப் பக்கத்தில் எறும்பெழுத்து.

ஏஜென்சிக்குப் போன் எடுத்தோம். "அதே மொடல் நாங்களும் விக்கிறம் ஐயா, ஆனா இது எங்கட இல்லை." வெளியே கழற்றினால் ஊரிலும் வாறண்டி செத்துவிடும் என்று இலவசமாக ஒரு தகவலும் தந்தார்கள்.

சந்தியில் இருந்த கராஜ் பாஸ் ஃபோர்க்கைத் துணியால் துடைத்துப் பார்த்தார். "ஒரு பிளேன்டீ குடிச்சிட்டு வாங்கோ."

இரண்டு பிளேன்டீ ஆனது. பைக் தயார்.

"அண்ணே, இந்த வேலைக்கு வாறண்டி உண்டா?"

பாஸ் எண்ணெய்க் கையைச் சீனக்குடாப் பக்கம் நீட்டினார். "வெள்ளைக்காரன் கட்டின எண்ணெய்த் தாங்கி, தம்பி. கார்ட் ஒண்டும் குடுக்கேல்லை. 99 இன்னும் நிக்குது."

கொஞ்சம் யோசித்தார்.

"ஒண்டு 1942இல ஜப்பான்காரன் பிளேனோட வந்து விழுந்து எரிஞ்சது. அது எங்கட பிழை இல்லை."