கிணற்றில் கிடைத்த கோணேசர்

கேள்வி: திருகோணமலையின் பழைய வரலாற்றைத் தேட அரசுப் பணம் எதற்கு? பக்தர்களே பார்த்துக்கொள்ள மாட்டார்களா?

பதில்: கோணேசர் கோயிலின் பழைய வெண்கலச் சிலைகள் 1950இல் வெளிவந்தது நகரசபை தண்ணீருக்குக் கிணறு வெட்டியபோது. பொதுப்பணம் முன்பே தேடியிருக்கிறது, கணக்கில் மட்டும் ‘குடிநீர்’ என்று எழுதிவிட்டு! பக்தர்கள் கோயில் கட்டுவார்கள். 1963இல் குடமுழுக்கும் கண்டார்கள். ஆனால், இடித்த கோயிலின் கல்லைக்கொண்டு போர்த்துக்கேயர் எழுப்பிய கோட்டையின் வாசலில் இரட்டைக் கயல் சின்னத்தோடு தேய்ந்து நிற்கும் தமிழ்க் கல்வெட்டுக்கு யார் உண்டியல் வைப்பார்? அதைப் படியெடுக்கவும், துறைமுகத்தில் உழைத்த முதியவர்களின் பேச்சைப் பதியவும் தேங்காய் உடைத்தால் போதாது, சம்பளம் கொடுக்க வேண்டும்.

அரசு கொடுத்தால் அரசின் கதையைத்தானே எழுதும் என்பீர்கள். நியாயமான பயம்தான், கிழக்கின் தொல்லியலுக்கென 2020இல் அமைத்த ஜனாதிபதி செயலணியில் முதலில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இல்லை. அதற்காகப் பணமே வேண்டாம் என்பது, குழம்பில் உப்புக் கூடியதற்கு அடுப்பை இடிப்பது. தமிழர், முஸ்லிம், சிங்களவர் என மூன்று சமூகத்தவரும் உள்ள உள்ளூர்க் குழு கையெழுத்திட்டுச் செலவழிக்கட்டும், கணக்கைச் சந்தை வாசலில் ஒட்டட்டும். நிதி கிடைக்காவிட்டால், இன்னொரு கிணற்றுக்கு விண்ணப்பியுங்கள்.