எங்கே, கும்பகோணத்துக்கா?

திருப்பனந்தாளில் கார் வைத்திருப்பவனுக்கு அந்தரங்கம் என்று ஒன்று கிடையாது. கொட்டகையிலிருந்து வண்டியைப் பின்பக்கமாக எடுத்துத் திருப்புவதற்குள் எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து கேள்வி வந்துவிடும்: "எங்கே, கும்பகோணத்துக்கா?" ஆமாம் என்றால் அடுத்த கேள்வி, "யாருக்கு உடம்பு சரியில்லை?" பக்கத்தில் என் மனைவி பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்தால் மட்டும் அது, "யார் வீட்டுக் கல்யாணம்? எங்களுக்குப் பத்திரிகை வரலையே" என்று மாறும். கடைத்தெரு டீக்கடையைத் தாண்டும்போது கிளாஸைப் பிடித்த கைகள் அப்படியே நிற்க, தலைகள் மட்டும் திரும்பும். சாயங்காலம் டிக்கியிலிருந்து எத்தனை பை இறங்கியது என்பது இரவுச் சாப்பாட்டுக்குள் தெருக்கோடிவரை போய்ச் சேர்ந்துவிடும். இவ்வளவு கண்காணிப்புக்கும் யாரும் எனக்கு ஒரு பைசா தள்ளுபடி தந்தது கிடையாது.

ஆகவே இன்ஷூரன்ஸ் புதுப்பிக்க வந்த ஏஜென்ட் தம்பி, "சார், போன்ல ஒரு ஆப் போட்டுட்டா நீங்க எப்படி ஓட்டுறீங்கன்னு கம்பெனியே பாத்துக்கும். ஒழுங்கா ஓட்டினா பிரீமியம் குறையும்" என்றபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். எப்படியும் பார்க்கிறார்கள், காசு கொடுத்தாவது பார்க்கட்டுமே. தம்பி என் வகுப்பில் படித்தவன். அந்தக் காலத்தில் அவனுக்குச் சதவீதக் கணக்கு மட்டும் வராது. இப்போது வாயைத் திறந்தால் சதவீதம்தான் வருகிறது.

விஷயம் புதிதல்ல. 2022 ஜூலையிலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் இதற்கு அனுமதி கொடுத்துவிட்டது. இதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, எவ்வளவு ஓட்டுகிறாயோ அவ்வளவுக்குக் கட்டு என்பது. வருஷத்துக்கு இத்தனை கிலோமீட்டர்தான் ஓட்டுவேன் என்று சொல்லிப் பாலிசி எடுக்கலாம். பல கம்பெனிகள் இதற்கு மீட்டரைப் படம் எடுத்து அனுப்பினால் போதும் என்கின்றன. இன்னொன்று, எப்படி ஓட்டுகிறாய் என்று பார்ப்பது. திடீரென்று பிரேக் போட்டாயா, விருட்டென்று கிளப்பினாயா, வளைவில் ஒடித்துத் திருப்பினாயா, ஓட்டும்போது போனை நோண்டினாயா, நடுராத்திரியில் எங்கே போனாய் என்பதையெல்லாம் பார்த்து மார்க் போடுவார்கள். நாற்பது வருஷம் மார்க் போட்டு ஓய்ந்தவனுக்கு இந்த வயதில் மார்க் வாங்கும் யோகம்.

தம்பியைத் திண்ணையில் உட்காரவைத்துக் கணக்குப் போடச் சொன்னேன். என் கார் இன்ஷூரன்ஸில் பெரிய தொகை தேர்ட் பார்ட்டி. 1000 சி.சி.க்கு மேல் 1500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 3,416 ரூபாய் என்று 2022 ஜூனில் அரசாங்கம் வைத்த கட்டணம் அது. நான் பிரேக்கைப் பூவைப்போல மிதித்தாலும் அதில் ஒரு ரூபாய் குறையாது. தள்ளுபடியெல்லாம் நம் வண்டிக்கு வரும் சேதத்துக்குக் கட்டுகிற மீதிப் பங்கில்தான். என் கார் கிழடு. வருஷத்தில் பாதி நாள் தார்ப்பாய்க்கு அடியில் தூங்குவது. நோ க்ளெய்ம் போனஸ் போக அதற்கு அந்தப் பங்கு 2,600 ரூபாய். தம்பி சொன்ன 15 சதவீதம் அதில் 390. அதன்மேல் போகிற 18 சதவீத வரியையும் சேர்த்தால் மிச்சம் 460 ரூபாய்.

"அவ்வளவுதானாப்பா?"

"வருஷா வருஷம் சார்!" என்றான், ஆயுள் தண்டனையைப் படித்துக் காட்டுகிற குரலில்.

அந்த நோ க்ளெய்ம் போனஸைக் கொஞ்சம் கவனியுங்கள். தொடர்ந்து ஐந்து வருஷம் க்ளெய்ம் கேட்காமல் ஓட்டினால் 50 சதவீதம் தள்ளுபடி. எங்கே போனாய், ஏன் போனாய் என்று ஒரு கேள்வி கிடையாது. இடிக்காமல் ஓட்டினவனுக்கு அதுவே போதுமான சான்றிதழ் என்று நம் பெரியவர்கள் நினைத்திருக்கிறார்கள். அவர்கள் ஒன்றும் ஏமாளிகள் அல்ல.

ஆனாலும் ஆசை விடவில்லை. பொங்கலுக்கு என் மைத்துனர் மகன் சென்னையிலிருந்து காரில் வருவதாக இருந்தான். அவன் போனில் இதே ஆப் இருந்தது. நூற்றுக்கு எண்பத்தெட்டு மார்க் என்று பெருமை வேறு. வந்து இறங்கியதும் முகம் தொங்கிப்போயிருந்தது. "அணைக்கரை தாண்டினதுமே போச்சு மாமா. எழுபத்தொண்ணு!"

போகாதா பின்னே? அணைக்கரையில் பாலமாகவும் இருக்கிற கீழணை 1836-இல் கட்டியது. அந்தப் பாலத்தில் ஊர்ந்து இறங்கினவன் ஊர்ப்பக்கம் வந்ததும் காலை அழுத்தியிருக்கிறான். தை மாசம், சம்பா அறுவடை. பாதி ரோட்டில் நெல் காய்கிறது. அதைச் சுற்றிக் கருங்கல்லை வரிசையாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஒரு பாட்டி வெறுங்காலால் நெல்லைக் கோடு கோடாகத் துழாவிக்கொண்டு, காரைப் பார்த்தும் பாராமல், போகிற போக்கில் போகிறாள். மீதிப் பாதியில் வைக்கோல் டிராக்டர். பின்னால் வருகிறவனுக்கு டிராக்டரே தெரியாது, ஒரு வைக்கோல்போர் தானாக நடந்து போவதுபோல இருக்கும். அதற்கும் பின்னால் ஆடு. இத்தனைக்கும் பிரேக் போட்டு, ஒடித்து, ஒரு நெல்மணியையும் நசுக்காமல் வந்து சேர்ந்த பிள்ளைக்கு எங்கள் ஊர் மாலை போடும். ஆப் மார்க்கைக் குறைத்துவிட்டது. மறுநாள் விடியற்காலை ஒரு கல்யாண முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கே கிளம்பினோம். நடுராத்திரி ஊர் சுற்றினதாக அதற்கும் குறைத்தது. கார் வேண்டாம் என்று கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போனான். டிரைவர் போட்ட ஒவ்வொரு பிரேக்கும் இவன் சட்டைப்பையில் இருந்த போனின் கணக்கில் ஏறியது. நான் ஓட்டவில்லை, பயணிதான் என்று அதில் திருத்திக்கொள்ள வழி உண்டாம். தொங்கிக்கொண்டு வந்தவன் எந்தக் கையால் திருத்துவான்?

மார்க் போனது போகட்டும். என் மனைவி அந்தப் போனை வாங்கி, வரைபடத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"ஏண்டா, விக்கிரவாண்டியில முக்கால் மணி நேரம் நின்னிருக்கே?"

"அது... டிராபிக் அத்தை."

"வழியில ஒண்ணும் சாப்பிடலன்னு சொன்னியே?"

பிரியாணி வாசனை திண்ணைவரை வந்துவிட்டது. அவள் போனைத் திருப்பிக் கொடுத்தபடி என்னைப் பார்த்துச் சொன்னாள்: "எனக்கே இவ்வளவு தெரியுதுன்னா, கம்பெனிக்காரனுக்கு எவ்வளவு தெரியும்?" சர்க்கரை வியாதிக்காரனான எனக்கு, திருவையாறும் அதன் அசோகா அல்வாவும் ஏனோ அந்த நேரத்தில் ஞாபகம் வந்தன.

எங்கள் ஊர்க் கோயில் கதை தெரிந்தவர்களுக்கு இந்த ஆப் எதில் கோட்டை விடுகிறது என்பது உடனே புரியும். தாடகை என்ற பெண் (ராமாயணத் தாடகை அல்ல) தினமும் சுவாமிக்கு மாலை சாத்துவாள். ஒரு நாள் மாலையைத் தூக்கும்போது ஆடை நெகிழ்ந்தது. முழங்கையால் இறுக்கிக்கொண்டாள், கையை உயர்த்த முடியவில்லை. அவள் மானம் காக்க சுவாமியே தலையைச் சாய்த்து மாலையை ஏற்றுக்கொண்டார். அப்புறம் ராஜா வந்தான். அவன் கண்ணில் பட்டது சாய்வு மட்டும். ஏன் சாய்ந்தார் என்று யாரையும் கேட்கவில்லை. கயிறு கட்டி யானையை விட்டு இழுத்தான், அசையவில்லை. கடைசியில் திருக்கடவூரிலிருந்து குங்கிலியக் கலயர் வந்து, கயிற்றைத் தன் கழுத்தில் கட்டி இழுத்தபோதுதான் நிமிர்ந்தார். ஆப்பும் ராஜாவைப்போலத்தான். பிரேக் அதற்குத் தெரியும், பாட்டி தெரியாது. டீக்கடைக்குப் பாட்டியையும் தெரியும், அவள் பேரன் எந்த ஊரில் வேலை பார்க்கிறான் என்பதும் தெரியும்.

ஏன் என்று கேட்காமல் இழுக்கிற இந்த வேலை அமெரிக்காவில் நிஜமாகவே நடந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்களிலிருந்து ஓட்டுநர்களின் விவரத்தைச் சேர்த்து, இன்ஷூரன்ஸ்காரர்களுக்குத் தகவல் தருகிற நிறுவனங்களுக்கு விற்றதை 2024 மார்ச்சில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. பிரீமியம் ஏன் ஏறியது என்று துருவிய ஒருவருக்கு, அவர் கார் ஓட்டிய சரித்திரத்தோடு ஓர் அறிக்கை 258 பக்கமாக வந்ததாம். திருப்பனந்தாள் திண்ணைகள் அத்தனையும் கூடி உட்கார்ந்தாலும் என்னைப் பற்றி 258 பக்கம் தேறாது. சில சமயம் மூன்று நொடிக்கு ஒரு தடவை கார் இருக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டார்கள் என்கிறது அந்த நாட்டு வர்த்தக ஆணையம். டீக்கடைக்காரருக்கு அவ்வளவு சிரத்தை கிடையாது. நடுவில் வடை போட வேண்டும். இப்படித் தகவல் விற்பதற்கு ஆணையம் ஐந்து வருஷத் தடை என்று 2025 ஜனவரியில் அறிவித்தது. அந்தக் கம்பெனி 2017-லேயே இந்தியாவில் கார் விற்பதை நிறுத்திவிட்டது என்பது நமக்கு ஒரு ஆறுதல்.

நம் நாட்டில் காவல் இல்லாமல் இல்லை. கர்நாடகத்து முன்னாள் நீதிபதி புட்டசாமி, எண்பது வயதுக்கு மேல் போட்ட வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2017 ஆகஸ்டில் ஒருமித்துச் சொன்னார்கள். ஒன்பது பேர் ஒரு விஷயத்தில் ஒத்துப்போவது எங்கள் தெருப் பிள்ளையார் கோயில் கமிட்டியில் நடக்காது. 2023-இல் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் வந்தது. கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று அதில் இருக்கிறது. ஆனால் எதற்குச் சம்மதித்தோம் என்று படித்தவரை இன்னும் நான் சந்திக்கவில்லை.

திண்ணைக்காரர் கேட்டால் "சும்மா இப்படி" என்று சொல்லிவிட்டுப் போகலாம். திரும்ப வரும்போது, "உங்க மாப்பிள்ளை வந்தாரே, என்ன விசேஷம்?" என்று நானும் அவரைக் கேட்கலாம். கம்பெனியை நான் என்ன கேட்பது? அது எந்தப் பக்கம் கிளம்பினாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. 460 ரூபாயை அவர்களே வைத்துக்கொள்ளட்டும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டு, மீட்டர் படம் மட்டும் கேட்கிற பாலிசியை எடுத்துக்கொண்டேன். அதிலும் கொஞ்சம் குறைகிறது. தார்ப்பாய்க்கு அடியில் தூங்கும் காருக்கு டாக்ஸிக்காரனைப்போலக் கட்டுவது அநியாயம்தான். அந்த அநியாயத்தைத் தீர்க்க மீட்டர் போதும், நான் வேண்டாம்.

சொந்தக் கார் அதிகம் ஓட்டாதவர்கள் ஏஜென்டிடம் முதல் கேள்வியாக, மீட்டர் படம் போதுமா, ஆப் வேண்டுமா என்று கேளுங்கள். சொன்ன கிலோமீட்டரைத் தாண்டினால் சேதத்துக்குப் பணம் வருமா என்பதையும் அப்போதே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். கிலோமீட்டரைக் கொஞ்சம் தாராளமாகவே சொல்லுங்கள். தையில் எத்தனை கல்யாணப் பத்திரிகை வரும் என்று ஐப்பசியில் யாருக்கும் தெரியாது.