வெற்றியின் அபாயம்

கேள்வி: சர்வாதிகார நாட்டில் சேனாதிபதிக்குப் பேரபாயம் தோல்விதானே?

பதில்: தோல்வி அபாயந்தான், வெற்றி அதனினும் பெரிய அபாயம். 1945 மே மாதம் பெர்லினில் ஜெர்மானியரின் சரணாகதியை ஏற்றுக் கையொப்பமிட்டவரும், அடுத்த மாதமே மாஸ்கோ செஞ்சதுக்கத்தில், மழையில் நனைந்தபடி வெண்புரவி மீது வந்து வெற்றி அணிவகுப்பைப் பார்வையிட்டவருமான சோவியத் மார்ஷல் ஷூக்கோவ், மறு வருஷம் ஸ்டாலினுடைய சந்தேகத்துக்குப் பாத்திரமாகி, முதலில் ஒடெஸாவுக்கும் பிறகு யூரல் பிரதேசத்துக்கும் அந்தஸ்து குறைக்கப்பட்டு அனுப்பப்பட்டார். ஸ்டாலின் மறைந்த பின், ரகசியப் போலீஸின் தலைவன் பெரியாவைக் கைது செய்வதில் கைகொடுத்து, 1955-ல் பாதுகாப்பு மந்திரியானார். 1957-ல், அவர் யுகோஸ்லாவியா, அல்பேனியா நாடுகளில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த சமயம் பார்த்துக் கட்சித் தலைவர் குருஷ்சேவ் ஏற்பாடுகளை முடித்துக்கொண்டு, திரும்பி வந்தவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

என் நெஞ்சை அதிகம் உறுத்துவது, அதே அணிவகுப்பில் கரும்புரவி ஏறி அவரை எதிர்கொண்ட மார்ஷல் ரொகொஸாவ்ஸ்கியின் கதை. 1937-ல் அபாண்டமாகக் குற்றஞ்சாட்டப்பட்டுச் சிறையில் சித்திரவதைக்கு ஆளானவர், 1940-ல் விடுதலையாகி, தம்மை வதைத்த அதே அரசுக்காக ஸ்டாலின்கிராடில் போர் புரிந்து வென்றார். அந்த மகாவீரரின் பற்களை உடைத்தவர்கள் ஜெர்மானியர் அல்லர். சொந்த நாட்டுப் போலீஸார்.