வரன்முறை

நகரமைப்புப் பாடநூல்களில் முதலில் திட்டம், பிறகு சாலை, கடைசியில்தான் வீடு. தமிழ்நாட்டு ஊர்களின் விளிம்பில் இந்த வரிசை தலைகீழ். முதலில் வயலில் கல் நடப்படும்; பெயரோடு ‘நகர்’ ஒட்டிக்கொள்ளும். துண்டறிக்கையில் பேருந்து நிலையம் ஐந்து நிமிடத் தொலைவுக்கு வந்துவிடும் (எந்த வாகனத்தில் என்று போடுவதில்லை). பிறகு வீடு, மின் இணைப்பு, வீட்டு வரி, வாக்காளர் அட்டை. இத்தனையும் கொடுத்து முடித்த பின்னரே மனைக்கு அங்கீகாரம் இல்லை என்பது அரசுக்குத் தெரியவரும்.

மனைப்பிரிவுக்கு முன் அனுமதி வேண்டும் என்கிறது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தபோதுதான் பலர் அந்தச் சட்டத்தின் பெயரையே கேள்விப்பட்டனர். மறு ஆண்டே வரன்முறை விதிகள் வந்தன: 2016 அக்டோபர் 20 வரை விற்ற மனை, கட்டணம் கட்டினால் முறையானதாகிவிடும். நீர்நிலை, வாய்க்கால் மீதுள்ள மனைகளுக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்த விதியை மழை மட்டும் தவறாமல் அமல்படுத்துகிறது. விண்ணப்பிப்பதற்கான கெடு பலமுறை நீட்டிக்கப்பட்டது. முதல் கெடுவுக்குள் ஓடிப்போய்ப் பணம் கட்டியவர்களை அக்கம்பக்கத்தார் இன்னும் ஏளனமாகத்தான் பார்க்கிறார்கள்.